எட்டரை மணித் தண்ணீர்

அண்ணி: இன்னொரு சொட்டு விடு.

கொழுந்தன்: மூணு சொட்டு விட்டாச்சு அண்ணி. மூணுக்கும் பொங்குது. நாலாவது சொட்டுக்கு என்ன, பாட்டா பாடப் போகுது?

அண்ணி: விடு தம்பி. ஆசிட் பாட்டில் உன் கையிலதானே இருக்கு.

கொழுந்தன்: இந்தாங்க... ம்... பொங்குது.

அண்ணி: அப்ப சுண்ணாம்புதான்.

கொழுந்தன்: சுண்ணாம்பேதான். வெடிச்ச இந்த பாய்லர் ட்யூப் துண்டுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. நகத்துக் கனத்துக்கு வழிச்சுப் பூசின மாதிரி ஒட்டியிருக்கு.

அண்ணி: அதான் எனக்குப் புரியலை. நான் இந்தக் கம்பெனி லேபுக்கு வந்து பதினோரு மாசம். தினம் காலையில எட்டரைக்கு இதே பாய்லர் ரூமுக்கு வரேன். பாய்லருக்குப் போற தண்ணியைக் குழாய்ல பிடிக்கறேன், சோதிக்கறேன், புக்ல எழுதறேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். சுண்ணாம்பே இல்லாத தண்ணிதான் உள்ள போகுது. அப்புறம் இந்தக் கல்லு எங்கேருந்து வந்தது?

கொழுந்தன்: வானத்துலேர்ந்து.

அண்ணி: விளையாடாத. பதினோரு மணிக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வர்றார்.

கொழுந்தன்: ...தெரியும்.

அண்ணி: வந்ததும் வெல்டர் அண்ணனோட சர்ட்டிஃபிகேட்டைத்தான் கேட்பார். பத்து மாசத்துல ஒரே ட்யூப் மூணு தடவை வெடிச்சிருக்கு. மூணு தடவையும் வெடிச்சது அவர் ஒட்டின ட்யூப். மேனேஜர் நேத்தே எழுதிட்டார், வெல்டிங் சரியில்லைன்னு. இன்னைக்கு அந்த சர்ட்டிஃபிகேட்டை ரத்து பண்ணிட்டா, அந்த மனுஷன் இனிமே எந்த பாய்லர்லயும் கை வைக்க முடியாது.

கொழுந்தன்: மேனேஜர் எழுதட்டும். நீங்களே பாருங்க. வெல்டு எங்க இருக்கு? இங்க. பிளந்தது எங்க? இங்க. நடுவுல முழுசா ஒரு ஜாண். வெல்டுல ஒரு மயிரிழை விட்டிருக்கா? சட்டை முழங்கையில கிழிஞ்சா, பட்டன் தைச்சவனைப் பிடிச்சு அடிப்பாங்களா?

அண்ணி: அப்ப முழங்கை ஏன் கிழிஞ்சுது?

கொழுந்தன்: சொல்லட்டுமா?

அண்ணி: சொல்லாம விடுவியா? நீ வாயைத் திறந்தா கதவைச் சாத்திட்டு உட்கார வேண்டியதுதான்னு உங்க அண்ணன் சும்மாவா சொல்றார்.

கொழுந்தன்: அவனுக்குப் பொறாமை. கேளுங்க. ஒரு காகிதக் கப்பு. அதுல தண்ணி ஊத்தி மெழுகுவத்தி மேல பிடிங்க. கப்பு எரியுமா?

அண்ணி: எரியாது. தண்ணி சுடும்.

கொழுந்தன்: ஏன்? நெருப்பு கொடுக்கற சூட்டை உள்ள இருக்கற தண்ணி அப்பப்ப வாங்கிக்குது. காகிதத்துக்குன்னு எதுவும் மிச்சம் வைக்கறதில்லை. இந்த ட்யூப்பும் அதே கப்புதான். வெளியில நெருப்பு, உள்ள தண்ணி. தண்ணி தொட்டுக்கிட்டே இருக்கற வரைக்கும் இரும்புக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப அந்தக் கப்புக்குள்ள அடியில கனமா களிமண்ணை அப்பிட்டுத் தண்ணி ஊத்துங்க.

அண்ணி: தண்ணி காகிதத்தைத் தொடாது.

கொழுந்தன்: தொடாது. சூடு இரும்புலயே தங்கிடும். இரும்பு சிவக்கும். சிவந்த இரும்பு இளகும். உள்ளேருந்து ஆவி தள்ளுது. முதல்ல பலூன் மாதிரி ஒரு வீக்கம்... இதோ, இந்த இடத்துல தடவிப் பாருங்க, உப்பியிருக்கா? அப்புறம் வீக்கம் மெலிஞ்சு, மீன் வாய் மாதிரி பொளந்துடும். அந்தக் களிமண்தான் சுண்ணாம்பு.

அண்ணி: இத்தனை ட்யூப் இருக்கே. இது மட்டும் ஏன்?

கொழுந்தன்: தீ நாக்கு நேரா நக்கறது இதைத்தான். மத்ததெல்லாம் கொஞ்சம் ஒதுங்கி நிக்குது. ஆனா அதுங்களும் வரிசையில நிக்குது அண்ணி. நேத்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பக்கத்துல ரெண்டு லேசா உப்ப ஆரம்பிச்சிருக்கு.

அண்ணி: அடப்பாவி. இதை யார்கிட்டயாவது சொன்னியா?

கொழுந்தன்: உங்ககிட்டதான் சொல்றேன்.

அண்ணி: நல்லா சொன்ன. சரி, அந்தத் தொட்டியில தண்ணி இருக்கா?

கொழுந்தன்: எந்தத் தொட்டி?

அண்ணி: பாய்லருக்குத் தண்ணி கொடுக்கற தொட்டி. இந்த ரூம்ல பத்துத் தொட்டியா இருக்கு?

கொழுந்தன்: அது பழைய தண்ணி அண்ணி. முந்தாநாள் விடியக்காலையில ட்யூப் வெடிச்சு பாய்லரை நிறுத்தினப்போ நின்ன தண்ணி.

அண்ணி: அதான் வேணும். வெடிச்ச நேரத்துல உள்ள போய்க்கிட்டிருந்த தண்ணி. பிடி.

கொழுந்தன்: அதுல துரு கிரு விழுந்திருக்கும்...

அண்ணி: ஏன் இழுக்கற?

கொழுந்தன்: யாரு இழுத்தா? இந்தாங்க.

அண்ணி: பாரு. மருந்து ரெண்டு சொட்டு. நீலம் வந்தா நல்ல தண்ணி, சிவப்பு வந்தா சுண்ணாம்புத் தண்ணி. பத்து மாசமா என் குழாய்ல நீலத்தைத் தவிர வேற நிறமே பார்த்ததில்லை நான்...

கொழுந்தன்: லைட்டைப் போடட்டுமா அண்ணி?

அண்ணி: சிவப்பு.

கொழுந்தன்: ம்.

அண்ணி: நல்ல ரத்தச் சிவப்பு. சுண்ணாம்பை எடுக்கற அதே சாஃப்ட்னர்லேர்ந்துதான் என் குழாய்க்கும் வருது, தொட்டிக்கும் போகுது. அங்க நீலம், இங்க சிவப்பு. எப்படி தம்பி?

கொழுந்தன்: டீ வாங்கிட்டு வரட்டுமா?

அண்ணி: உட்காரு.

கொழுந்தன்: நீங்க காலையில ஒண்ணும் சாப்பிடலைன்னு அண்ணன் சொன்னான்...

அண்ணி: உட்காருன்னு சொன்னேன்.

கொழுந்தன்: ...அது சரி, அந்த போட்டோவை ஏன் பீரோவுக்குப் பின்னாடி சொருகினீங்க? 'நூறு நாள் பூஜ்யம்'னு கம்பெனியில ஃப்ரேம் போட்டுக் கொடுத்தாங்களே. அண்ணன் வீடு முழுக்கத் தேடறான். வர்ற போறவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டிருந்தான் பாவம்.

அண்ணி: தூசி படியுது. பேச்சை மாத்தாத. அந்த சாஃப்ட்னர் டேங்க் மேல தகடு அடிச்சிருக்கே, அதைப் படி.

கொழுந்தன்: மனப்பாடமா தெரியும். ஒரு தடவை உப்பு விட்டா நாற்பத்தஞ்சு கன மீட்டர் தண்ணி தாங்கும். உள்ள இருக்கறது கடுகு மாதிரி குட்டிக் குட்டி மணி. தண்ணி போகப் போக, சுண்ணாம்பை ஒவ்வொரு மணியும் பிடிச்சு மடியில வெச்சுக்கும். எல்லா மடியும் நிறைஞ்சுட்டா அவ்வளவுதான், அதுக்கப்புறம் வர்ற சுண்ணாம்பு நேரா பாய்லருக்குப் போயிடும். உப்புத் தண்ணி விட்டுக் கழுவினா மடி காலி. மறுபடியும் முதல்லேர்ந்து.

அண்ணி: ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி ஓடுது?

கொழுந்தன்: ...அறுபத்திரண்டு.

அண்ணி: எத்தனை தடவை உப்பு விடறோம்?

கொழுந்தன்: ஒரு தடவை.

அண்ணி: நாற்பத்தஞ்சு எங்க, அறுபத்திரண்டு எங்க?

கொழுந்தன்: முன்னாடி முப்பத்தெட்டுதான் ஓடிச்சு அண்ணி. ஆவியில காய வைக்கற ரெண்டாவது ட்ரையர் மாட்டினாங்க பாருங்க, அதுலேர்ந்துதான் ஏறிப்போச்சு. காலையில ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும் உப்பு விடறேன். எட்டுக்குப் புதுத் தண்ணி ஆரம்பிச்சா, ராத்திரி ஒரு மணியோட மடி நிறைஞ்சுடும். அதுலேர்ந்து ஏழு வரைக்கும்...

அண்ணி: ஆறு மணி நேரம் சுண்ணாம்பு. தினம்.

கொழுந்தன்: ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட்ல ஆள் வரலைன்னு நான் நின்னேன். மூணு மணிக்கு சும்மா ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். சிவப்பு.

அண்ணி: எப்போ?

கொழுந்தன்: முதல் ட்யூப் வெடிக்கறதுக்கு முன்னாடி.

அண்ணி: முன்னாடியா?

கொழுந்தன்: சொல்லணும்னுதான் இருந்தேன்.

அண்ணி: இரு. ஏழு மணிக்கு உப்புங்கறே. நான் வேலையில சேர்ந்தப்போ ஒன்பதரைக்குத்தானே உப்பு விடுவீங்க? நான் எட்டரைக்குத் தண்ணி பிடிச்சு முடிச்சப்புறம்? யார் மாத்தினது?

கொழுந்தன்: நான்தான்.

அண்ணி: ஏன்?

கொழுந்தன்: விடுங்க அண்ணி.

அண்ணி: ஏன்னு கேட்டேன்.

கொழுந்தன்: நீங்க வந்த முதல் மாசம் ஞாபகம் இருக்கா? ட்ரையர் மாட்டின புதுசு. ஒரு நாள் காலையில உங்களுக்குச் சிவப்பு வந்துச்சு. அப்படியே எழுதிட்டீங்க. மேனேஜர் இங்க வந்து, எல்லா ஃபிட்டர்ங்க முன்னாடியும், 'உனக்குச் சோதிக்கத் தெரியுமா, இல்ல கண்ணுல கோளாறா'ன்னு கேட்டார். நீங்க நேரா உப்பு ரூமுக்குள்ள போனீங்க. நான் சாக்கு எடுக்க வந்தேன். மூட்டைக்குப் பின்னாடி உட்கார்ந்து துப்பட்டாவை வாயில வெச்சுக்கிட்டு... நான் சத்தம் போடாம திரும்பிட்டேன். என்னை இந்தப் படிப்பு படிக்க வெச்சதே நீங்கதான். மறுநாள்லேர்ந்து ஏழு மணிக்கே உப்பை விட்டுட்டேன். எட்டரைக்கு நீங்க வர்றப்போ புதுத் தண்ணி. நீலம். உங்களை ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அவ்வளவுதான் நினைச்சேன். ட்யூப் வரைக்கும் நினைக்கலை.

அண்ணி: முதல் தடவை வெடிச்சப்போ?

கொழுந்தன்: வேற ஏதாவதா இருக்கும்னு நினைச்சேன்.

அண்ணி: ரெண்டாவது தடவை?

கொழுந்தன்: ...வேற ஏதாவதா இருக்கணும்னு நினைச்சேன்.

அண்ணி: சாயந்திரமும் ஒரு தடவை உப்பு விட்டிருக்கலாமே.

கொழுந்தன்: ரெண்டு மடங்கு உப்பு வேணும்னு எழுதிக் கேட்கணும். ஏன்னு காரணம் எழுதணும். ராத்திரித் தண்ணி சிவப்புன்னு எழுதினா, அப்ப லேப் புக்ல எப்படி பூஜ்யம்னு கேட்பாங்க. யாரு புக்? உங்க புக்.

அண்ணி: கதவைச் சாத்து.

கொழுந்தன்: சாத்தணுமா?

அண்ணி: சாத்து. இன்ஸ்பெக்டர் வந்து போற வரைக்கும் நீ வாயைத் திறக்காத. அந்தத் தொட்டித் தண்ணியைத் திறந்து விட்டுடு. நான் யோசிக்கறேன்... ஏதாவது ஒரு வழி... யாரு அது?

வெல்டர்: நான்தாங்க. உள்ள வரலாமா?

கொழுந்தன்: வாங்கண்ணே. என்னண்ணே கேள்வி? உங்க இடம் இது.

வெல்டர்: இன்னும் ரெண்டு மணி நேரத்துக்குத்தானே தம்பி. மேடமும் இங்கதான் இருக்காங்களா? நல்லதாப் போச்சு. இந்த லெட்டரை ஒரு தடவை படிச்சுப் பார்த்து, எழுத்துப்பிழை இருந்தா சொல்லுங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட கொடுக்கறது. அசிங்கமா இருக்கக் கூடாது.

அண்ணி: என்ன லெட்டர் அண்ணே?

வெல்டர்: படிங்க. சத்தமாவே படிங்க, தம்பியும் கேட்கட்டும்.

அண்ணி: 'மதிப்புக்குரிய ஐயா... இருபத்தாறு வருஷமாக பாய்லர் வெல்டிங் செய்து வருகிறேன். சமீப காலமாக என் கை முன்போல் உறுதியாக இல்லை. மூன்று முறையும் ட்யூப் வெடித்ததற்கு என் வேலையே காரணம். என் சர்ட்டிஃபிகேட்டை நானே...' அண்ணே, என்ன இது?

வெல்டர்: திருப்பிக் கொடுத்துடறேன். அவங்க பிடுங்கறதுக்கு முன்னாடி நானே கொடுத்துட்டா கொஞ்சம் கௌரவம்.

கொழுந்தன்: உங்க கை நடுங்குதுன்னு யாருண்ணே சொன்னது?

வெல்டர்: யாரும் சொல்ல வேணாம். முதல் தடவை வெடிச்சப்போ ட்யூப் மட்டம்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை கண்ணு மேல சந்தேகம் வந்துச்சு. டாக்டரைப் பார்த்து புதுக் கண்ணாடி போட்டேன். வீட்டுல கொட்டகையில துண்டு ட்யூப்பெல்லாம் எடுத்துப் போட்டு ஒட்டிப் பழகினேன். அறுத்துப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க வந்தா வெடிக்குதே. அப்ப கோளாறு எங்க? கையிலதானே? இப்பல்லாம் டீ கிளாஸை ரெண்டு கையாலதான் பிடிக்கறேன்.

கொழுந்தன்: அண்ணே...

வெல்டர்: போன மாசம் பேத்தி பிறந்துச்சு. மக நீட்டறா, 'வாங்கிக்கோங்கப்பா'ன்னு. சளி பிடிச்சிருக்குன்னு பொய் சொல்லிட்டு வாசலுக்குப் போயிட்டேன். கீழ போட்டுட்டா என்ன பண்றது? லெட்டர் கிடக்கட்டும். தம்பிகிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். மூணு தடவையும் நீங்க பகல் ஆளு, வெடிச்சது விடியக்காலை. தப்பிச்சீங்க. ஒரு வேளை நீங்க அடுப்பு முன்னாடி நிக்கும்போது வெடிச்சு, ஆவி மேல அடிச்சிருந்தா... அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை. என்னை மன்னிச்சுடுங்க தம்பி.

கொழுந்தன்: கும்பிடாதீங்கண்ணே. ஐயோ, கையை இறக்குங்க.

வெல்டர்: பெரிய மனசு பண்ணி...

கொழுந்தன்: அண்ணே, உங்க கைக்கு ஒண்ணும் இல்லை.

அண்ணி: தம்பி.

கொழுந்தன்: இல்லை அண்ணி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு இருக்க முடியாது. அண்ணே, இந்தத் துண்டைப் பாருங்க. உங்க வெல்டு இது. புதுசு மாதிரி நிக்குது. வெடிச்சது ஒரு ஜாண் தள்ளி. உள்ள விரலை விடுங்க.

வெல்டர்: என்ன இது, சொரசொரன்னு?

கொழுந்தன்: சுண்ணாம்பு. ராத்திரி ஒரு மணிக்கு மேல சாஃப்ட்னர் தாங்கலை. சுண்ணாம்புத் தண்ணியே பாய்லருக்குப் போயிருக்கு. பத்து மாசமா. எனக்குத் தெரியும்.

வெல்டர்: லேப்ல பூஜ்யம்னு ஃப்ரேமெல்லாம் போட்டாங்களே?

கொழுந்தன்: அவங்க தண்ணி பிடிக்கறதுக்கு முன்னாடி நான் உப்பு விட்டுடுவேன். கழுவி அரை மணி கூட ஆகாத தண்ணியைத்தான் அவங்க பிடிச்சாங்க. இருபத்து நாலு மணி நேரத்துல நல்ல நேரமா பார்த்துக் காட்டியிருக்கேன்.

வெல்டர்: அப்ப... என் கை?

கொழுந்தன்: உங்க கை சுத்தம்ணே.

வெல்டர்: பத்து மாசம் தம்பி.

கொழுந்தன்: ...ம்.

வெல்டர்: தினம் காலையில இந்த மேஜையிலதானே சேர்ந்து டீ குடிச்சோம்? நான் ரெண்டு கையாலயும் கிளாஸைப் பிடிக்கறதைப் பார்த்தீங்கல்ல?

கொழுந்தன்: பார்த்தேன்.

வெல்டர்: பார்த்துட்டு, 'அண்ணே, குளிருதா'ன்னு கேட்டீங்க.

கொழுந்தன்: என் மூஞ்சியைப் பார்க்காதீங்கண்ணே. திட்டுங்க. அடிக்கக்கூட அடிங்க.

வெல்டர்: அடிச்சா? பேத்தியைத் தூக்காத அந்த நாளெல்லாம் திரும்பி வருமா?... மேடம், இது உங்களுக்குத் தெரியுமா?

கொழுந்தன்: அவங்களுக்குத் தெரியாது. சத்தியமா இன்னைக்குத்தான், இப்பத்தான், நான் சொல்லி... எல்லாம் நான் ஒருத்தன் பண்ணினது. இன்ஸ்பெக்டர்கிட்டயும் அதையே சொல்றேன். அண்ணி, நீங்க லேபுக்குப் போங்க. லெட்டரை இப்படிக் கொடுங்க. என் பேர்ல வேற எழுதறேன்.

அண்ணி: லெட்டரை நான் கிழிச்சுட்டேன். நீ ஒண்ணும் எழுத வேணாம், நான் எழுதறேன். அண்ணே, எனக்குத் தெரியும். இவன் உப்பு நேரத்தை மாத்தின முதல் வாரத்துலயே தெரியும். காலையில வர்றப்போ அந்த டேங்க் பக்கத்துல தரை ஈரமா இருக்கும். காலி உப்புச் சாக்கைத் துவைச்ச துணி மாதிரி கம்பியில உதறிப் போட்டிருப்பான். கழுவினவுடனே பிடிக்கற தண்ணியில எதுவும் தெரியாதுங்கறது, இந்த வேலையில முதல் நாளே படிக்கற பாடம். தெரிஞ்சுக்கிட்டேதான் ஈரத்தைத் தாண்டி வந்து பிடிச்சேன். நான் ஒரே ஒரு நாள்தான் உண்மையை எழுதினேன், அன்னைக்குத்தான் திட்டு வாங்கினேன். அதுக்கப்புறம் பூஜ்யம் எழுதறது சுகமா இருந்துச்சு. அந்த ஃப்ரேமைப் பார்க்க முடியாமதான் பீரோவுக்குப் பின்னாடி தள்ளினேன். காலையிலேர்ந்து இவன்கிட்ட எப்படி எப்படின்னு கேட்டதெல்லாம், வேற ஏதாவது காரணம் இவன் வாயில வந்துடாதான்னுதான். நீங்க வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி தொட்டித் தண்ணியைத் திறந்து விடச் சொன்னதும் நான்தான். தம்பி, அதைத் திறக்காத. அது அப்படியே இன்ஸ்பெக்டருக்கு வேணும். கதவைத் திற. லாக் புக்கை எடு, நான் சொல்றதை எழுது, கீழ நான் கையெழுத்துப் போடறேன். பக்கத்து ட்யூப்பெல்லாம் ஆசிட் விட்டுக் கழுவி, கனம் அளந்து, உப்பினதை மாத்துற வரைக்கும் பாய்லரைப் பத்த வைக்கக் கூடாது. மாத்துறது இந்த அண்ணன்தான், அவர் சம்மதிச்சா. அதுக்கப்புறம், உப்பு ரெண்டு வேளை, காலையும் சாயந்திரமும் ஷிஃப்ட் மாறுறப்போ. நடுவுல தண்ணி மீட்டர் நாற்பதைத் தொட்டா மணி பார்க்காம அப்பவே உப்பு. தண்ணி பிடிக்கறது உப்பு விடறதுக்கு முன்னாடி, ரெண்டு வேளையும். சிவப்பு வந்தா சிவப்புன்னு எழுதணும்.